கழி நகர்ந்த கல்யாணம்

போன மாதம் மரக்காணத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்த பெண், "நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டாள். பெண்ணின் தாத்தா காசி எனக்குப் பழைய சிநேகிதன். பெண் வீடு என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டியதுதானே? நான் திருதிருவென்று விழித்தேன். ஓசிப் பந்திக்கு வந்தவன் என்று நினைத்திருப்பாள். பன்னீரும் எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஓர் ஊரே நின்றதைப் பார்த்தவன் நான். அதை வாசலில் வைத்து எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். எனக்குப் பாட்டும் தெரியாது, ஒயரும் தெரியாது. பாரம் தூக்க ஒரு தோள் இருந்தது, அவ்வளவுதான். ஆம்ப்ளிபயர் சூடேறினால் உள்ளேயிருக்கும் தூசு கருகி ஒரு வாசனை வரும். அது எங்கே அடித்தாலும் கூடவே உப்புச் சேற்று வாசனையும் எனக்கு வந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து என் மூக்கில் ஏறியது காசியின் கல்யாணத்தில்.

கழுவெளி ஏரித் தண்ணீர் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அப்போது இரண்டு மணல் திட்டுகள் இருந்தன. மேற்கே மேத்திட்டு, கிழக்கே கீத்திட்டு. (திட்டு என்றாலே எனக்கு முதலாளி ஞாபகம் வரும். அவரிடம் வாங்கியதையெல்லாம் குவித்திருந்தால் இன்னொன்று எழும்பியிருக்கும்.) நடுவில் ஒரு கழி, உப்புத் தண்ணீர் ஓடை. கடல் ஏறினால் இடுப்பளவு தண்ணீர், வற்றினால் முழங்கால். அந்தக் கழிக்கு ஒரே இடத்தில் ஓடிப் பழக்கமில்லை. மழைக்கு மழை படுக்கையை மாற்றிப் போட்டுக்கொள்ளும்.

மேத்திட்டில் எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள். அண்ணன் தங்கை முறை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் கழிக்கு அந்தப் பக்கத்தில்தான். கீத்திட்டிலும் அதே வழக்கம். காசி மேத்திட்டுக்காரன். அவனுக்குப் பார்த்த பெண் பூங்காவனத்தின் வீடு கீத்திட்டின் மேற்கு ஓரம், கழியைப் பார்த்த வாசல். ஆவணியில் நிச்சயம் செய்தார்கள். ஐப்பசியில் கொட்டிய மழையில், வாசலில் ஓடிக்கொண்டிருந்த கழி தூர்ந்துபோய், வீட்டுக்குப் பின்னால் மணலை அறுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மேத்திட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதில் ஒரு சங்கடம் இருப்பது தை வரை யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்தன்று காலையில் காசியின் பெரியப்பாவுக்குத் தோன்றியது. நான் அப்போது மூங்கில் மேல் ஏறிப் புனல் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்ம திட்டுப் பொண்ணுன்னா காசிக்குத் தங்கச்சி மொற. தங்கச்சி கழுத்துல எப்பிட்றா தாலி கட்டுவான்?" என்றார்.

பூங்காவனத்தின் அப்பா ஓடிவந்தார். "வூடு நவுரலைங்க. தண்ணிதான் நவுந்துச்சி."

"தண்ணி நவுந்தா மொறையும் நவுரும்."

பெண்ணை அழைத்துவர மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவரும் கிளம்பவில்லை. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு ஒரு முறை சொன்னார்கள். நேற்று வரை மச்சான் என்று கூப்பிட்டவனை அண்ணன் என்பதா என்று தெரியாமல் சிலர் "இன்னாங்க" என்று பொதுவாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் மூங்கிலிலிருந்து இறங்குவதா, கட்டுவதா, கழற்றுவதா என்று கேட்டேன். அதற்கும் திட்டு விழுந்தது.

காசிதான் நலங்கு மஞ்சள் காயாத கையோடு மம்முட்டியை எடுத்தான். "கழி பழையபடி வாசப்பக்கம் ஓடினா சரிதான பெரிப்பா?" பெரியப்பா யோசித்துத் தலையாட்டினார். தூர்ந்த தடம் முழுக்கப் புதுமணல். இரண்டு திட்டு ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். ஒரு தெரு நீளத்துக்குச் சின்ன வாய்க்கால், இரண்டு முனையும் கழியில் போய்ச் சேரும்படி. கடல் ஏறும்போது தண்ணீர் புகுந்துவிடும்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "அப்ப ரெண்டு பக்கமும் தண்ணிங்களே, இது மூணாவது திட்டுங்களா?" என்று கேட்டேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "மூணாவதோ முப்பதாவதோ, நம்ம திட்டு இல்ல இல்ல?" என்றார்.

நான் இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாதவன் என்பதால் என்னையே சாட்சியாக நிறுத்தினார்கள். தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனதும் மைக்கில் சொல்ல வேண்டும். ஒயரை வாய்க்கால் வரை இழுத்துவந்து நின்றேன். மணல் முதலில் அடியிலிருந்து ஊறியது. அது கணக்கா இல்லையா? ஒரு வெற்றிலையைப் போட்டுப் பார்த்தேன். அது போனது, வந்தது, என்னைப் போலவே குழம்பி நின்றது. பெண் வீட்டு வாசலில் பூங்காவனம் பட்டுப்புடவையோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வெற்றிலை ஒரு முடிவுக்கு வந்து, மிதந்து மறு முனையைத் தாண்டியது. சந்தோஷத்தில் மைக்கில் கத்தினேன்: "தண்ணி போயிடுச்சி! தண்ணி போயிடுச்சி!"

அந்தப் பக்கம் போய்விட்டது என்று நான் சொன்னேன். வற்றிப் போய்விட்டது என்று அவர்கள் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் மேளச் சத்தம் நின்றது. வரிசைத் தட்டோடு எழுந்த பெண்கள் தட்டை இறக்கி வைத்துவிட்டார்களாம்.

பூங்காவனம் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மைக்கைப் பிடுங்கினாள்.

"தண்ணி வந்துடுச்சி. ஜல்தி வாங்க, திரும்ப வத்திடப் போவுது."

வந்தார்கள். பூங்காவனம் புடவை நனைய வாய்க்காலைத் தாண்டினாள். தாலி ஏறியது. முறைக்காக வெட்டிய அந்த வாய்க்கால் கழிக்குப் பிடித்துப்போய், அடுத்த மழையில் மொத்தமாக அதன் வழியாகவே ஓடியது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பேத்தி கல்யாணச் சாப்பாடு முடிந்து காசி, பூங்காவனம், நான் மூவரும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தோம். திட்டு ஜனங்கள் எப்போதோ ரோட்டோரத்துக்குக் குடிவந்துவிட்டார்கள். கழி இல்லை. இரண்டு திட்டும் ஒன்றாகி, நடுவே சீமைக்கருவேலும் கைவிட்ட இறால் குட்டைக் கரைகளும். மேல் எது, கீழ் எது என்று பிடிபடவில்லை. காசி ஓரிடத்தில் குதிகாலை ஊன்றி, "இங்கதான் வெட்டனோம்" என்றான். பூங்காவனம் அதற்குள் வெகுதூரம் நடந்துவிட்டிருந்தாள்.

"யோவ், அங்க இன்னா நிக்கிற? இந்தாண்ட வா. நனைஞ்சது என் பொடவ, எனக்குத் தெரியாதா?"

காசி அவள் காட்டிய இடத்துக்குப் போய் நின்றான். அங்கேயும் மணல்தான்.