பிள்ளை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

குழந்தைச் சாமான் வியாபாரத்தில், பொருளில் உட்காரப்போகிறவருக்குப் பேச்சு வராது. பேச்சு வருகிற யாரும் அதில் உட்காரப்போவதில்லை.

நாளிதழ் நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ராஜபாளையத்தில் மச்சினன் நடத்தும் குழந்தைச் சாமான் கடையில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். தொட்டில் கம்பி, நடைவண்டி, பால் புட்டி எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. கார் இருக்கை மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. அதிலும் 'கன்வெர்ட்டிபிள்' என்று ஒரு வகை. பிள்ளை சிறிசாக இருக்கும்வரை, காரின் பின்கண்ணாடியைப் பார்த்து உட்காருகிற மாதிரி அதை மாட்ட வேண்டும். வளர்ந்த பிறகு அதே இருக்கையை முன்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்ட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் எப்போது திருப்புவது, ஏன் திருப்பாமல் இருப்பது, எதில் கோத்து எதை இழுப்பது என்று கேட்டால் பத்துப் பேர் பதினோரு பதில் சொல்கிறார்கள். இந்த இருக்கையை வாங்கியோ, விற்றோ, மாட்டத் தெரியாமல் காருக்குள் குனிந்து வேர்த்தோ இருக்கிறீர்களா? அப்படியென்றால் நாமெல்லாம் ஒரே கட்சி. மேலே படிக்கலாம்.

கயிறு போட்டுக் கட்டினால் நிற்குமா?

அந்த இருக்கை கடைக்கு வந்த வாரத்தில் கான்சாபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். உரம் வாங்க வந்தவர், கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். வாரைத் தட்டிப் பார்த்தார், மெத்தையை அமுக்கிப் பார்த்தார், அடியில் கைவிட்டு இரும்பு இருக்கிறதா என்று பார்த்தார். "நல்ல கெட்டியாத்தான் இருக்கு. பேத்திக்கு ஆகும். நம்ம மொபெட்டுல முன்னாடி வச்சுக் கட்டிரலாம்லா?" என்றார்.

இது காருக்குள் மட்டும்தான் மாட்ட முடியும், பைக்கிலோ மொபெட்டிலோ மாட்டக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கயிறு போட்டு நாலு சுற்றுச் சுற்றினால் நிற்காதா என்றார். நிற்காது என்றேன். கடையிலேயே நீண்ட நாளாக வேலை பார்க்கும் ஜெயராணி அக்காவிடம் திரும்பிக் கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார். விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பிறகு நின்று, ரொம்ப நியாயமாக ஒன்று சொன்னார்.

"அப்போ காரையும் சேர்த்துல்லா அண்ணாச்சி நீங்க விக்கணும்!"

பெட்டி ஒன்று, பேச்சு மூன்று

பிறகு கவிதாவும் செந்திலும் வந்தார்கள். கவிதாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தட்டச்சர் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. செந்தில் இங்கே ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர், அதிகாலை ஷிப்ட். பிள்ளை மகிழனுக்குப் பத்து மாதம். பிறந்தபோது வாங்கிய கூடை மாதிரியான இருக்கையில் தலை மேலே எட்டிவிட்டது. கவிதாவின் பிரசவ விடுப்பு முடிகிறது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கோர்ட்டுக்கு அடுத்த தெருவில் அவளுடைய அக்கா வீடு இருக்கிறது. பிள்ளையை அங்கே விட்டால் மத்தியானம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அதற்காகவே ஒரு பழைய கார் வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தாள். தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பிள்ளையோடு அவள் ஒருத்தியாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இது சரிப்படாவிட்டால் வேலையை விட வேண்டும். அதைச் சத்தமில்லாமல் சொன்னாள்.

பெட்டியைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தேன். எடைக் கணக்கில் ஒரு படம், உயரக் கணக்கில் ஒரு படம், வயசுக் கணக்கில் ஒரு படம். எடைப்படி மகிழன் இன்னும் ரொம்ப நாள் பின்னோக்கியே உட்காரலாம். வயசுப்படிப் போட்டிருந்த படத்தில் அவனைவிடக் கொஞ்சம் பெரிய பையன் ஒருவன் முன்னோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னோக்கி இருந்தால் தோள் வார் தோளுக்குக் கீழேயிருந்து வர வேண்டும், முன்னோக்கி இருந்தால் தோளுக்கு மேலேயிருந்து வர வேண்டும். இதை நான் மாற்றி வாசித்து, திருத்தி, திரும்பவும் மாற்றி வாசித்தேன். கடைசியில் மகிழன் புத்தகத்தின் ஓரத்தைத் தின்ன ஆரம்பித்தான். ஜெயராணி அக்கா அதை அவன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டே சொன்னார்.

"சார், நீங்க வாசிக்க வாசிக்க எனக்குத் தெரிஞ்சிருந்ததும் மறந்துபோச்சு."

வாசலில் ஒரு மாநாடு

மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வாசலில் நின்ற காருக்கு இருக்கையைத் தூக்கிக்கொண்டு போனோம். காரின் பின்சீட்டில் கொக்கி மாட்டும் இரும்புக் கம்பி இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. முதல் சொந்தக்காரர் போட்டிருந்த தடித்த சீட் கவருக்கு அடியில் அது இருக்கிறதா என்று விரலை விட்டுத் தேடினோம். ஒரு பேனா மூடி, உலர்ந்த திராட்சை இரண்டு, யாருடைய சீப்போ ஒன்று. கம்பி மட்டும் இல்லை. சரி, கார் பெல்ட்டாலேயே கட்டலாம் என்று புத்தகத்தின் அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

அதற்குள் பஜாரில் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பெல்ட்டை இந்தப் பக்கமாக விடச் சொன்னார், ஒருவர் அந்தப் பக்கமாக. கார் வைத்திராத ஒருவர்தான் அதிகமாகச் சொன்னார். ஒருவழியாக ஒரு வழி கிடைத்து, முட்டியை வைத்து அமுக்கி, பெல்ட்டை இழுத்துப் பூட்டினோம். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. ஆனால் பின்னோக்கிய இருக்கைக்கு இடம் விட, அதற்கு முன்னாலிருந்த சீட்டை வெகுவாக முன்னே தள்ள வேண்டியிருந்தது. செந்தில் அதில் உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன.

"பிள்ளைக்கு இடம் கெடச்சிருச்சு அண்ணாச்சி. நான் பொறவு பஸ்ல வந்துக்கிடுதேன்."

எஸ்.ஐ. விசாரணை

வீட்டில் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று போனார்கள். அடுத்த நாள் செந்திலின் அப்பா சுப்பையா தனியாக வந்தார். ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். நான் விபத்துச் செய்திக்காக அலைந்த காலத்தில் அவரை ஸ்டேஷனிலும் சாலையோரத்திலும் பார்த்த பழக்கம் உண்டு. "என்ன நிருபரே, என் பேரனைத் திருப்பி வச்சுக் கட்டணும்னு நீருதான் சொன்னீராமே?" என்று ஆரம்பித்தார். இத்தனை பிள்ளைகள் மடியில் வளரவில்லையா? தாய் முகம் தெரியாமல் பிள்ளை அழுதால் யார் பார்ப்பது? முன்சீட்டிலாவது வைத்தால் என்ன?

முன்சீட்டில், மோதினால் பலூன் மாதிரி வெடித்து உப்புகிற ஏர்பேக் இருக்கிறது, பின்னோக்கிய இருக்கையை அதற்கு முன்னால் வைக்கவே கூடாது என்றேன். பின்சீட்டில் தலை சாயும் இடத்தில் ஒரு கண்ணாடி மாட்டினால் கவிதாவுக்குப் பிள்ளை முகம் தெரியும் என்றேன். திடீரென்று பிரேக் பிடித்தால் பிள்ளையின் தலையும் கழுத்தும் முன்னே பாயாமல் இருக்கையின் முதுகு தாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னேன். 'தாயின் மடியில் இருந்த குழந்தை' என்று தொடங்கிய எத்தனையோ செய்திகளை நான் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று கடையில் யாரிடமும் சொல்வதில்லை. சுப்பையாவுக்குச் சொல்லவும் தேவையில்லை; அந்த இடங்களில் அவரும் நின்றவர். இருக்கையின் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அப்புறமும் அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"பூட்டை உடைச்சவனையே ஜீப்ல முன்னாடி பார்த்துத்தான் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவோம். பத்து மாசப் பிள்ளை என்னய்யா தப்புப் பண்ணுச்சு?"

மாமன் சீர்

மாமனார் வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்குள் இருக்கை நுழையாது. கவிதா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவளுடைய அண்ணன் வேல்முருகன் ராணுவத்திலிருந்து லீவில் வந்தான். மகிழனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் லீவு கேட்டு வாங்கி வந்தவன். நேராகக் கடைக்கு வந்து, விலைகூடக் கேட்காமல், "அந்தச் சீட்டைக் கட்டுங்க அண்ணாச்சி" என்றான். "சுப்பையா மாமா சம்மதிக்கணுமே" என்றேன். "மாமன் சீர்த் தட்டுல வச்சுக் கொண்டுபோறேன். சீர்ல வந்ததை வேண்டாம்னு சொல்ல அவியளுக்கு வாய் வராது" என்றான். படைக்கு ஆள் எடுக்கும்போது மூளையையும் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வ. புதுப்பட்டி பக்கம் குலதெய்வம் கோயிலில் காது குத்து. கவிதா ஜெயராணி அக்காவுக்குப் படங்கள் அனுப்பியிருந்தாள். பழத்தட்டு, தேங்காய்த் தட்டு, வேட்டி சேலைத் தட்டு, நடுவில் இரண்டு பேர் தூக்கிவரும் கார் இருக்கை. அதற்கு மாலை, சந்தனம், குங்குமம். சுப்பையா கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார். எனக்குக் கண் கலங்கவில்லை, குழப்பம்தான் வந்தது. இருக்கை அங்கே எப்படிப் போனது, பிள்ளை எதில் போனான்? ஃபோன் போட்டுக் கேட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் வேனில். மகிழனும் வேனில்தான், மாமன் மடியில். சீர்ச் சாமான் நசுங்கக் கூடாது என்று இருக்கையை மட்டும் காரில் முறைப்படி மாட்டி, வார்களையும் பூட்டித் தனியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். கவிதா ஃபோனில் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னாள்.

"சீட்டு பத்திரமாப் போய்ச் சேர்ந்துருச்சு அண்ணாச்சி."

திங்கட்கிழமை காலை

மறுநாள் கடைக் கதவைத் திறக்கும்போதே கார் வந்து நின்றது. கவிதா ஓட்டி வந்திருந்தாள். பின்சீட்டில் சுப்பையா, மடியில் மகிழன். பக்கத்தில் இருக்கை காலியாக. வேல்முருகன் இருக்கையை ஒழுங்காக மாட்டிவிட்டு முந்தின நாள் சாயங்காலமே ரயிலேறிவிட்டான். இன்று பிள்ளையை உட்கார வைத்தால் வார்கள் வந்து சேரும் லாக் பூட்டவில்லை. வேலைக்குத் திரும்பும் முதல் நாள். பத்து மணிக்குள் கோர்ட்டில் இருக்க வேண்டும். "நான் மடியில வச்சுக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வாரேன்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா" என்றார் சுப்பையா. கவிதா அவரைத் திரும்பிப் பார்க்காமல், "இன்னைக்கு வருவிய மாமா. நாளைக்கு?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். லாக் துவாரம் முழுக்கக் குங்குமம். சந்தனத்தோடு சேர்ந்து கெட்டியாகிக் கிடந்தது. ஜெயராணி அக்கா தேங்காயெண்ணெய் எடுக்கப் போனார். வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் புத்தகம் எனக்கு உதவியது: எண்ணெய் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போதும். டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி விளாவி, லாக்கைக் கழற்றி முக்கினோம். தண்ணீர் சிவந்தது. உதறி, துடைத்து, மாட்டி அழுத்தியதும் 'டக்' என்று விழுந்தது. பிள்ளையை உட்கார வைத்து வாரை இழுத்தோம். அப்போதும் அவன் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினான். புதுசு கெடக் கூடாது என்று மெத்தையின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றவேயில்லை! நம்ம ஊரில் புது டிவிக்கும் புது சோபாவுக்கும் செய்கிற மரியாதைதான். நான் சொல்லச் சங்கடப்பட்டேன், ஏனென்றால் அது சீர்ப் பொருள். சுப்பையா பிள்ளையை என் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் உறையைப் பிடித்துச் சரசரவென்று கிழித்தார். பிள்ளையை மறுபடி உட்கார வைத்து, லாக்கைப் பூட்டி, வாரை அவரே இழுத்தார். தோள் பக்கம் வாரை விரலால் கிள்ளச் சொன்னேன். மடிப்பு விழுந்தால் இன்னும் தளர்வு என்று அர்த்தம். கிள்ளினார். விரல் வழுக்கியது. இன்னொரு முறை கிள்ளினார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

கவிதா கண்ணாடியில் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். சுப்பையா சாலையில் இறங்கி நின்றார். கார் நகர்ந்ததும் பின்கண்ணாடிக்குள் மகிழன் தெரிந்தான். புதுத் தோடு போட்ட காதும், விரலைச் சூப்பும் வாயும், நேராக எங்களையே பார்க்கும் கண்ணுமாக. தாத்தாவைக் கண்டதும் விரலை எடுத்துவிட்டுச் சிரித்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கார் திரும்புகிற வரைக்கும் அவர் ஆட்டிய கையை இறக்கவில்லை.

"முதுகைக் காட்டிட்டுல்லா போவான்னு நெனச்சேன் நிருபரே! நம்மளப் பார்த்துக்கிட்டேல்லா போறான்."

இன்னும் கொஞ்ச நாள்

கவிதா வேலையில் இருக்கிறாள். மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய்வருகிறாள். மகிழனுக்கு ஒரு வயது முடிந்ததும் செந்தில் கடைக்கு வந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, இனிமேல் முன்பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்டான். எடை, உயரம், வயசு மூன்றையும் மறுபடி குழப்பிக்கொண்டு, இருக்கை தாங்குகிற வரைக்கும் பின்னோக்கியே இருப்பது நல்லது என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். கூட வந்திருந்த சுப்பையா எனக்கு அந்தச் சிரமமே வைக்கவில்லை.

"ஏலே, அவனா கார் ஓட்டப்போறான்? அவன் எதுக்குலே முன்னாடி பார்க்கணும்!"

இரண்டு பக்கமும் திரும்பும் என்று சொல்லி நான் விற்ற அந்த இருக்கை இன்றுவரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதைச் சுற்றி நின்ற நாங்கள்தான் ஒவ்வொருவராகத் திரும்பி முடித்திருக்கிறோம்.