எனக்குப் பாடமாகிப்போன சோதனை

டொக்டர் சொன்ன வசனம், நான் நோயாளியின் பக்கம் திரும்புவதற்குள் காணாமல் போனது. அதுதான் தொடக்கம். லண்டன் ஆஸ்பத்திரிகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அன்று கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து வந்த நோயாளி, ஓர் ஐயா, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டரிடம் திரும்பக் கேட்டேன். அதுவும் போய்விட்டது.

இது தொடர்ந்தபோது ஞாபகமறதிக் கிளினிக்குக்குப் போனேன். மணிக்கூடு ஒன்றை வரை, சொற்களை நினைவில் வை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. எத்தனை பேருக்கு இதே சோதனையைத் தமிழில் சொல்லியிருப்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். முழுப் புள்ளி வாங்கினேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டரம்மா. பக்கத்திலிருந்த என் கணவருக்குப் பெரிய சந்தோசம்.

எழும்பி வந்துவிடத்தான் எனக்கும் ஆசை. பேசாமல் இருந்தால் வேலை மிஞ்சும். ஆனால் யாருக்காவது மருந்தை மாற்றிச் சொல்லிவிட்டால்? பயமாக இருந்தது. இந்தக் கேள்விகள் எனக்குப் பாடம், வேறு கேளுங்கள் என்றேன்.

வேறு கேட்டார். தோற்றேன். பிறகு எம்ஆர்ஐ ஸ்கேன் (மூளையைக் காந்தப்புலத்தால் படம் எடுப்பது). ஹிப்போகாம்பஸ் (புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி) வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது. லேசான அறிதிறன் குறைபாடு என்றார்கள் (சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்கு மறதிநோயாக முற்றும்).

காரில் கணவர் வெடித்தார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதே உமக்கு? அவவே ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டா."

"ஒண்டுமில்லாமலே நான் அங்க போனனான்?"



வேலை போயிற்று. இந்த வருட ஸ்கேனில் அந்தப் பகுதி இன்னும் மெலிந்திருக்கிறது. வலியே இல்லை, அதுதான் எரிச்சல். வலித்தாலாவது அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருக்கலாம். தலைக்குள் அடைபட்டுக்கொண்டு, அது கரைவதை நானே பார்த்திருக்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கும் சோதனை நன்றாக அமைந்து, மனம் மட்டும் ஒப்பவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். நிம்மதி வரும் என்று சொல்லமாட்டேன்.

கணவர் இப்போது என்னோடு துண்டு துண்டாகப் பேசுகிறார். "தேத்தண்ணி. சூடு. பாத்துக் குடியும்." நான் என்ன குழந்தையா என்று சண்டை பிடித்தேன். நேற்று பழையபடி நீளமாக ஒரு கதை சொன்னார், கையை ஆட்டி, சிரித்து. ஆசையோடு கேட்டேன். அவர் முடிவுக்கு வந்தபோது தொடக்கம் என்னிடம் இல்லை.

"சின்னன் சின்னனாச் சொல்லுங்கோ," என்றேன்.