அம்சவேணி மடித்து வைத்திருந்த கடிதம்

“டீச்சர், இருதயத்துல ஓட்டைன்னா அதை எப்படி அடைப்பாங்க?”

பக்கத்து வீட்டு அம்சவேணி என்னிடம் இதைக் கேட்டபோது, அவளுடைய நான்கு வயது மகள் தேன்மொழி அவள் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை காலை, வளர்ந்துவிட்ட அதே தேன்மொழிதான் போன் செய்தாள். “டீச்சர், அம்மா போயிட்டாங்க.” நான்கு நாள் காய்ச்சல். அம்சவேணிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஓசூரில் அவளோடு ஒரே வரிசையில் குடியிருந்தவர்களுக்கும், கம்பெனியில் அவளோடு லைனில் நின்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவள் பொறுமைசாலி என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பொறுமை இருந்தது, ஆனால் அது பழிவாங்கக் காத்திருக்கிறவளின் பொறுமை.

அன்று அவள் கேட்ட கேள்விக்கு, அறிவியல் டீச்சருக்கே உரிய பெருமையோடு உதாரணம் சொன்னேன். “சைக்கிள் டியூபுக்கு பஞ்சர் ஒட்டுறோமில்ல, அது மாதிரின்னு வெச்சுக்கோ. நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். தொடையில இருக்கிற ரத்தக் குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூபை விட்டு, உள்ளேயே ஒரு மூடியை வெச்சு அடைச்சிடுவாங்க.” அவள் முகம் தெளிந்தது. என் வாழ்நாளில் ஓர் உதாரணம் இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை. அந்த மிதப்பில், மறுவாரம் மகளின் சிகிச்சைக்காக அவளுக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தபோது அதையெல்லாம் அப்படியே எழுதினேன். மூன்று நாள் விடுப்புக்கு இரண்டு பக்கம்.

அவளுடைய சூப்பர்வைசரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். ஷிப்டு தொடங்கும் நேரத்தில், மொத்த லைனும் நிற்க, அவர் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார். பஞ்சர் வந்ததும் நிறுத்தினார்.

“பஞ்சர்தானே அம்சா? ஒட்டறவன் ஒட்டிட்டுப் போறான். நீ போயி காத்தடிக்கப் போறியா?”

சிலர் சிரித்தார்கள். கடிதத்தின் மேல் சிவப்பு மையில் ‘அவசியமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மீறிப் போனால் வேலை போய்விடும். வேலை போனால், அந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டவிருந்த கம்பெனிக் காப்பீடும் போய்விடும். குழந்தைக்காகவே அவள் குழந்தையோடு போகவில்லை.

ராயக்கோட்டையில் தக்காளி லோடு ஏற்றும் வண்டி ஓட்டிய அவள் கணவர் செல்வம்தான் குழந்தையைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அட்மிட் ஆனதிலிருந்து தேன்மொழி அம்மாவைக் கேட்டு அழுதாள். யார் தூக்கினாலும் திமிறினாள். மறுநாள் காலை உடம்பு கொதித்தது. காய்ச்சலோடு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து.

அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டு நான்கு படிகளை அந்தக் குழந்தை ஏறியதைப் பார்த்தேன். மூன்றாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். ஒருநாள் தாங்காமல், “எம்மேலதான் தப்பு. அதை எழுதியிருக்கக் கூடாது” என்றேன்.

“நீங்க எனக்குப் புரியணும்னு சொன்னீங்க. அவரு நாலு பேரு என்னைப் பார்த்துச் சிரிக்கணும்னு படிச்சாரு. ரெண்டும் ஒண்ணா டீச்சர்?”

இரண்டாவது கடிதம் ஒரே வரி: ‘என் மகளுக்காக மூன்று நாள் விடுப்பு வேண்டும்.’ அதை அவள் சூப்பர்வைசரிடம் கொடுக்கவில்லை. நேராகப் பெரிய மேனேஜரின் அறைக்குள் போனாள். அவர் கன்னடக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், பிறகுதான் “ஏனம்மா இது?” என்று கேட்டார். கன்னடத்தில் ‘என்னம்மா இது’ என்று பொருள்.

இந்த முறை நானும் கூடப் போனேன். தேன்மொழியை உள்ளே கொண்டுபோனதும் அம்சவேணியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்துக் குனிந்து கேட்டேன். அந்த சூப்பர்வைசரின் பெயர்!

“சாமி பேரைச் சொல்லும்மா.”

“சாமிகிட்ட அப்புறம் பேசிக்கறேன் டீச்சர். அவரு என்னைக் கோவிச்சுக்க மாட்டாரு. இந்தாளு பேரு மறந்துடக் கூடாது.”

குழந்தை நன்றாகத் திரும்பி வந்தாள். அம்சவேணி அழுதாள், ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று இட்லி சாப்பிட்டாள், பையிலிருந்த முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தாள்.

ஆறு வருடம் அது மடித்தபடியே இருந்தது. அந்த மனிதர் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போகிறார் என்று கேன்டீனில் வழியனுப்பு விழா வைத்தார்கள். லைன் சார்பில் தான் பேசுவதாக அம்சவேணி பெயர் கொடுத்தாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“விட்டுடும்மா. குழந்தைதான் நல்லாயிடுச்சே.”

“அது டாக்டர் செஞ்சது. இந்தாளு செஞ்சது அப்படியேதான கெடக்குது?”

விழா நாளில் உதாரணங்களை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கூடப் போய் உட்கார்ந்தேன். சால்வை, மாலை, முன் வரிசையில் அவர் மனைவி. அம்சவேணி மைக்கைப் பிடித்து, கடிதத்தைப் பிரித்து, என் இரண்டு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். கடைசியில் சிவப்பு மையையும் படித்தாள். பிறகு பத்து வயது தேன்மொழியைக் கூப்பிட்டு அவர் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுக்க வைத்தாள்.

“சார், இவதான் அந்தப் பஞ்சர். பள்ளிக்கூடத்துல நூறு மீட்டர் ஓடுறா. காத்து எறங்கல.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி மட்டும் மெல்ல, “நெசமாங்க?” என்று கேட்டார். அவர் கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை. விருந்தில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினேன்.

போன செவ்வாயன்று, அம்சவேணியின் சாவு வீட்டுக்கு அந்த சூப்பர்வைசரும் வந்திருந்தார். மாலையோடு வாசலில் நின்றார். தேன்மொழி எழுந்து போனாள். அழுது வீங்கிய முகம், நிமிர்ந்த கழுத்து.

“அவசியமில்லை சார்” என்றாள்.

அவர் மாலையோடு திரும்பிப் போனார். நான் அவளைக் கண்டிக்கவில்லை.

அந்தக் கடிதத்தை இப்போது தேன்மொழி என்னிடம் கொடுத்துவிட்டாள். அம்சவேணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அதனோடு வந்த கோபமும். இரண்டையும் பத்திரமாக வைத்திருப்பேன்.

அவளை அறிந்தவர்களில் சிலர் இன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளை உங்களிடம் ஒரு விடுப்புக் கடிதம் வரும். முதலில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு படியுங்கள்.