உருப்படாத கையுறை

எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் படக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர். எக்ஸ்ரே மெஷின் வந்து இறங்கியபோது, இருட்டில் வேலை செய்து பழகின ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, அவரைப் பிடித்து வந்தார்கள். மெஷினைப் பூட்ட வந்த என்ஜினீயர் எந்த விசையைத் தட்டினால் என்ன ஆகும் என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் பேசியதில் பாதி இவருக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினார்.

நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்தபோது காசநோய்க்கு மருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அந்த வார்டுக்குள் படுத்து வந்தவர்களில் பெரும்பாலோர் படுத்தபடியேதான் வெளியே போனார்கள். இப்போது ஊசியும் மாத்திரையும் போட்டு, உடம்பு தேறி, ஆயாவோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்து, நடந்தே வீட்டுக்குப் போனார்கள். ஆனால் நோய் யாருக்கு என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? ஆலைகளிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும். அத்தனை பேரும் படக்காரரின் திரைக்குப் பின்னால் ஒரு தடவை நின்றாக வேண்டும்.

அவர் வேலை செய்யும் விதம் இதுதான். இருட்டறை. ஒரு பக்கம் மெஷின், எதிரே திரை. நடுவில் ஆளை நிறுத்துவதற்கு முன், தன் வலது கையை விரித்து அங்கே நீட்டுவார். திரையில் பச்சை வெளிச்சம் பரவும். அதில் அவர் விரல் எலும்புகள் கறுப்பாக, கணுக்கணுவாகத் தெரியும். மங்கலாக இருந்தால் விசையைக் கொஞ்சம் கூட்டுவார். தெளிவாக வந்ததும், "ம், வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் விரலை மடக்கி ஆட்டிக் காட்டுவார். "எலும்புக்கூடு டாட்டா சொல்லுது பாரு!" பயந்து அழுத பிள்ளைகூடச் சிரித்துவிடும்.

பெரிய டாக்டர்கள் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று நுரையீரலைப் பார்த்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை.

கட்டுப் போடுகிறவள் என்பதால் நான் அதைப் பகலில் பார்த்தேன். நகங்களில் கறுப்புக் கோடுகள். தோல் வெயிலில் காய்ந்த தோல் செருப்பு மாதிரி வெடித்திருந்தது. அங்கங்கே மரு. ஆள்காட்டி விரலில் ஒரு புண், ஆறுவதுபோல் பாசாங்கு செய்யும், மறுபடி திறந்துகொள்ளும்.

"படம் கழுவுற கெமிக்கல் சிஸ்டர். அதுதான் அரிக்குது," என்பார்.

"ரப்பர் உறை போட்டுக்கிட்டுக் கழுவுங்கண்ணே."

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கையை யாரு பார்க்கப்போறா? களிம்பைத் தடவுங்க."

இப்படியே போயிருக்கும். அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு அறுவைசிகிச்சை டாக்டர் மாற்றலாகி வந்தார். பெண். அதிகம் பேசமாட்டார். ஒரு காலையில் நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அந்த வழியாகப் போனவர், நின்று, திரும்பி வந்தார்.

"இது என்ன?"

"கெமிக்கல் டாக்டரம்மா," என்றார் படக்காரர்.

"படத்தை எந்தக் கையால கழுவுறீங்க?"

"ரெண்டு கையாலயும்தான்."

"அப்போ இடது கை ஏன் நல்லா இருக்கு?"

படக்காரர் தன் இடது கையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். நானும் பார்த்தேன். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. எத்தனையோ முறை பக்கத்திலேயே கிடந்த கை.

"வலது கையால தனியா என்ன செய்யறீங்க?"

அவர் பெருமையாக எங்களை எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போய், கையை நீட்டிக் காட்டினார். மெஷினைப் போடுவதற்கு முன்பே டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். பேயைக் கண்டவர் மாதிரி டாக்டரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஒவ்வொரு ஆளுக்கும் இப்படியா?"

"ஆமாம். குண்டா இருப்பான், ஒல்லியா இருப்பான். கையை வெச்சுப் பார்த்தாத்தானே அளவு தெரியும்?"

"இந்த மெஷினோட ஈயம் கலந்த கையுறை வந்திருக்குமே. கனமா, முழங்கை வரைக்கும். எங்கே அது?"

படக்காரர் சிரித்துவிட்டார். "அதுவா! அது உருப்படாத சாமான் டாக்டரம்மா. முதல் நாளே போட்டுப் பார்த்துட்டேன். போட்டுக்கிட்டா திரையில கையே தெரியல. வெறும் கறுப்பு. கை தெரியலன்னா மெஷின் ஓடுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கே அது?" என்று மறுபடியும் கேட்டார்.

"சமையல்கட்டுல. சமையல்காரர் கை சுடுதுன்னு புலம்பினாரு, குடுத்துட்டேன்."

நாங்கள் மூன்று பேரும் சமையல்கட்டுக்குள் நுழைந்தபோது, சமையல்காரர் கொதிக்கிற பால் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை அந்தக் கையுறை. கரி பிடித்து, பால் வழிந்து காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நான் அந்தச் சமையல்கட்டுக்குத் தினமும் போகிறவள். அது ஏதோ அடுப்படிச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அதைக் கழட்டுங்க," என்றார் டாக்டர்.

"அண்டாவைக் கீழே வெச்சுக்கறேனே?" என்றார் சமையல்காரர். வைத்தார். "ஏன் மாப்ளே, திருட்டுச் சாமானா குடுத்தே? இத்தனை வருஷம் ஒரு கொப்புளம் வந்ததில்ல. சூடு உள்ளே ஏறவே ஏறாது."

டாக்டர் கையை நீட்ட, இரண்டையும் கழற்றிக் கொடுத்தார்.

டாக்டர் கையுறையை எக்ஸ்ரே அறைக்கு எடுத்துப்போய் ஒரு கம்பியில் தொங்கவிட்டார். தன் அலமாரிச் சாவி ஒன்றை அதற்குள்ளே போட்டார். இன்னொன்றை வெளியே கட்டினார். எங்களை அங்கிருந்த ஈயத் தடுப்புக்குப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, "போடுங்க" என்றார். திரையில் வெளியே இருந்த சாவி பல் பல்லாகத் தெரிந்தது. கையுறை கரிக்கட்டை மாதிரி நின்றது. உள்ளே இருந்த சாவி இல்லவே இல்லை.

"தெரியலயா?"

"தெரியல," என்றார் படக்காரர்.

"ஏன்னா உள்ளே எதுவும் போகல. போகக் கூடாதுன்னுதான் அதைச் செஞ்சிருக்காங்க. மெஷின்லேருந்து வர்ற கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வலிக்காது. ஆனா ஒவ்வொரு தடவையும் உங்க கையைக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சிருக்கு."

படக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"அப்போ அந்தக் கையுறை நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு," என்றார் கடைசியில்.

புண்ணிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புற்றுநோய் என்று வந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உடனே எடுத்தால் கை தப்பும். தள்ளிப்போட்டால் கை போகும். அக்குளுக்கு ஏறிவிட்டால் ஆளே போவார் என்று டாக்டர் விளக்கினார். படக்காரரின் மனைவிதான், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், முதலில் பேசினார். அண்ணி சந்தையில் கடை வைத்திருந்தவர், பேரம் பேசுகிற குரல்.

"எடுத்துருங்க டாக்டரம்மா. எனக்கு எட்டு விரலும் ஒரு புருஷனும் போதும். பத்து விரலை வெச்சுக்கிட்டு இவர் என்ன வீணையா வாசிச்சாரு?"

சொல்லிவிட்டு வராண்டாவுக்குப் போனார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

விரல்களை எடுத்தாயிற்று. காயம் நன்றாக ஆறியது. வேறு வேலை தருகிறோம் என்றார்கள். அண்ணியும் அதையேதான் சொன்னார். படக்காரர் கேட்கவில்லை. "மருந்து இருக்கு, ஜனம் வாசல்ல நிக்குது. நான் டிக்கெட் கிழிக்கவா?" என்றார். கடைசியில் டாக்டர் ஒத்துக்கொண்டார். தேய்த்துக் கழுவிய கையுறை, தடுப்புக்குப் பின்னால் நிற்பது, உடம்பில் எவ்வளவு பட்டது என்று காட்டும் ஒரு சின்ன பில்லையைச் சட்டையில் குத்திக்கொள்வது, இத்தனையும் செய்தால் மட்டும். மார்புக்குப் போடும் ஈய ரப்பர் அங்கி எங்கே என்று தேடினால், இருட்டறை ஜன்னலில் ஆணியடித்திருந்தார். வெளிச்சம் வராதாம்.

முதல் நாள் அண்ணி கூடவே வந்து, தடுப்புக்குப் பின்னால் எங்களோடு நின்றுகொண்டார். வலது கையில் கையுறையைப் போட்டதும் இரண்டு விரல்கள் காலியாகத் தொங்கின. எங்கேயாவது மாட்டிக்கொள்ளும் என்று என்னிடம் பஞ்சு வாங்கி அண்ணியே திணித்தார். பார்ப்பதற்கு முழுக் கை மாதிரி நின்றது. படக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம், வாங்க," என்றார். ஆலையிலிருந்து வந்த ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். விளக்கை அணைத்தோம். மெஷின் உறுமியது. திரையில் பச்சை வெளிச்சம் பரவியது. அதில் கறுப்பாக, கணுக்கணுவாக, ஐந்து விரல் எலும்புகள்.

இடது கை. விசையைத் திருப்புவதற்காக உறை மாட்டாமல் விட்டிருந்த, ஒரு கீறல் இல்லாத அந்தக் கையை, வெறும் கையாக, தடுப்பைச் சுற்றி நீட்டியிருந்தார்.

அண்ணி போட்ட கூச்சலில் வரிசை கலைந்தது. நான் விசையை அணைப்பதற்குள் அவர் புருஷனின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார். விளக்குப் போட்டதும் படக்காரர் முகத்தைப் பார்த்தேன். நீட்டியது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போலத் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வைக்கல," என்றார். "அதுவா போச்சு."

அன்று வேலை நடக்கவில்லை. மறுநாள் சமையல்காரர் ஒரு பெரிய ஆட்டுக்கால் எலும்பைச் சுத்தமாகச் சுரண்டி, நீளக் குச்சியில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தா மாப்ளே. உன் கையுறைக்குப் பதிலு. இது எரிஞ்சா வேற தர்றேன்."

அந்த எலும்பை நீட்டித்தான் பிறகு அளவு பார்த்தார். புண் திரும்ப வரவில்லை, அக்குளிலும் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் நான் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைவிட அதிகம் பார்த்தது அண்ணி. படக்காரர் ஓய்வு பெறும்வரை, கடையை அடைத்ததும் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நிற்பார். ஆள் வெளியே வந்ததும், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று, "காட்டுங்க" என்பார். படக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் நீட்டுவார். அண்ணி விரல் விரலாகத் தொட்டு, புரட்டி, நகத்தைத் தேய்த்துப் பார்ப்பார்.

"எட்டும் இருக்கு. நடங்க."