எஸ் வாரத்துப் பாட்டுகள்

மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அடையாற்றில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. விண்ணப்பத்துக்காக என் கணவர் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றிருந்தார். அப்படி வாங்கி வந்ததை நான் ஏதாவது செய்து வீணாக்கிவிடுவேன் என்ற பயம் நாள் முழுக்க என்னோடு சுற்றியது.

நேர்முகத்துக்குக் குழந்தைகளைத் தயார் செய்யும் டீச்சர் ஒருவர் மயிலாப்பூரில் இருந்தார். வாரத்துக்கு ஓர் எழுத்து என்பது அவருடைய முறை. "இந்த வாரம் எஸ். குழந்தை பார்க்கறது, சாப்பிடறது, கேட்கறது எல்லாம் எஸ்ஸாவே இருக்கட்டும்" என்றார். மற்ற அம்மாக்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சோப்பு, ஸ்பூன், சாக்ஸ். சாம்பாரும் எஸ்தான் என்று கண்டுபிடித்து மூன்று நாள் விடாமல் சாம்பார் வைத்தேன். கேட்பதற்கு மட்டும் எதுவும் அகப்படவில்லை.

தி.நகரில் பனகல் பார்க் பக்கம், கேட்கும் பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே போனேன்.

"இங்கிலீஷ் பாட்டு வேணும்."

"சொல்லுங்க மேடம். யார் பாடினது?"

"யாரானாலும் சரி. பேர் எஸ்ல ஆரம்பிக்கணும்."

கடைக்காரர் காதில் செருகியிருந்த பேனாவைக் கையில் எடுத்தார். "பத்து வருசமா கடை வச்சிக்கினு கீறேன். லவ் பாட்டு கேப்பாங்க, டான்ஸ் பாட்டு கேப்பாங்க. எழுத்து சொல்லிக் கேக்குற ஆளை இப்பதான் பாக்குறேன். இன்னா மேடம், நியூமராலஜியா?"

"குழந்தைக்கு."

"கொழந்தைக்கா?" என்று சிரித்துக்கொண்டே தடிமனான நோட்டு ஒன்றைத் தள்ளினார். பாட்டுகளின் பெயர்கள் அகர வரிசையில் தட்டச்சு செய்து ஒட்டப்பட்டிருந்தன. "எஸ் மட்டும் ஆறு பக்கம் கீது. அறுபது நிமிச கேசட்ல பதினாலு பாட்டுதான் புடிக்கும்."

"வரிசையா முதல் பதினாலு போடுங்க."

"இல்ல மேடம், கொழந்தைக்குன்னு சொல்றீங்க, இதுல சிலதெல்லாம்…" என்று இழுத்தார். நான் அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தேன். அவர் இழுத்ததை நான் முடிக்க விட்டிருக்க வேண்டும்.

கேசட் வந்த அன்று பிற்பகல் நானும் மகளும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கேட்டோம். மேற்கத்திய இசை என்று அதுவரை நான் உட்கார்ந்து கேட்டதே கிடையாது. ஒரு பாட்டு கோவிலுக்குள் நிற்பதுபோல நிதானமாக இருந்தது. அடுத்தது முழுக்க டிரம்ஸ். இன்னொன்றில் ஒருவர் ரகசியம் சொல்வதுபோல முணுமுணுத்தார். வருகைப் பதிவேட்டில் பெயர் அடுத்தடுத்து வந்ததற்காக ஒரே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள்போல, எழுத்தைத் தவிர அவற்றுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. பள்ளியில் நான் படித்த ஆங்கிலம் இப்படி வழுக்கிக்கொண்டு ஓடாது. ஆனாலும் கேசட் முடிந்ததும் திருப்பிப் போட்டேன். பாத்திரம் அப்படியே கிடந்தது. இதில் தப்பு ஏதாவது இருக்குமோ என்று தோன்றியது, எழுந்து போகத்தான் தோன்றவில்லை.

ஆறாவது பாட்டை மகள் பிடித்துக்கொண்டாள். சின்னதாக ஊஞ்சலாடுவது போன்ற மெட்டு. நான்கே நாளில் சொற்களோடு பாடினாள். டீச்சர் கொடுத்திருந்த மர எழுத்துகளில் எஸ்ஸைக் காட்டினால் போதும், உடனே அந்தப் பாட்டு வரும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாடியில் குடியிருந்த கல்லூரிப் பெண் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு படியில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான். ஏன்?"

"அர்த்தம் தெரியுமா?" அவள் கன்னம் சிவந்து, சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "அடுத்தவன் பெண்டாட்டிகிட்ட ஒருத்தன் பாடறான். அவ புருஷன் ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள இன்னொரு தடவை வந்துட்டுப் போன்னு. நடுவுல வர்ற வார்த்தையை நான் தமிழ்ல சொல்ல மாட்டேன்."

நேர்முகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

கேசட்டை இரும்புப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பூட்டி என்ன பயன்? பாட்டு அவளுக்குள் இருந்தது. குளிக்கும்போது பாடினாள், இட்லி சாப்பிடும்போது பாடினாள். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். "இதைப் பாடினா ஸ்கூல்ல சேர்த்துக்க மாட்டாங்க. வாயைத் திறக்கவே கூடாது, தெரியுதா?" என்று விரலை ஆட்டினேன்.

"மூணு வயசுக் குழந்தை பாடினா போலீஸையா கூப்பிடுவாங்க?" என்றார் கணவர். அவருக்கென்ன, வளர்ப்பு சரியில்லை என்றால் என்னைத்தானே சொல்வார்கள்? எனக்கு அந்தப் பள்ளித் தலைமையாசிரியையின் முகம் எப்படி மாறும் என்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு நாள் பயத்தில் பொத்தியது அடியாகவே விழுந்துவிட்டது. அதன்பின் அவள் பாடுவது நின்றது. வேலை முடிந்ததென்று நான் நிம்மதிப்பட்டேன்.

நேர்முகத்தில் தலைமையாசிரியை நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கைத்தறிப் புடவை, மேஜையில் பிளாஸ்டிக் பழங்கள். நிறங்களுக்கெல்லாம் மகள் சரியாகப் பதில் சொன்னாள். பிறகு அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு மர எழுத்தை எடுத்தார். எஸ்.

மகள் என்னைப் பார்த்தாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள்ளேயே அந்த மெட்டைத் தொடக்கத்திலிருந்து முனகினாள்.

"அழகா இருக்கே! வாயைத் திறந்து பாடும்மா."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கண்ணில் நீர் கோத்தது.

"பாடக் கூடாதுன்னு யார் சொன்னாங்க?"

குட்டி விரல் என் பக்கம் நீண்டது.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். நான் ஒரு தடவை தலையசைத்திருந்தால் போதும், அவள் பாடியிருப்பாள். அந்தச் சொல் வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டு, "தேங்க் யூ" என்றார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நான் வாயே திறக்கலை, பாத்தியா?"

நல்ல பெண் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். அவள் பெயர் இல்லை. பிறகு ஜூனில் எங்கள் வீடு இருந்த மந்தைவெளியிலேயே, நேர்முகம் வைக்காத ஒரு சின்னப் பள்ளியில் சேர்த்தோம்.

பட்டியல் பார்த்துவிட்டு வந்த அன்று பெட்டியைத் திறந்து கேசட்டை எடுத்துப் போட்டேன். ஆறாவது பாட்டு வந்தது. "பாடுடி கண்ணு, யாரும் திட்ட மாட்டாங்க" என்றேன். அவள் முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு முனகினாள். மாடிப் பெண்ணின் ஜன்னல் திறந்திருந்தது. பயமாகத்தான் இருந்தது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், அந்தச் சொல்லையும் சேர்த்து, நான் உரக்கப் பாட ஆரம்பித்தேன்.