இரட்டைப் பூட்டு வீடு

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை, காரைக்குடியில் ஒரு சிறிய அரங்கில், ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவர் வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர், இளம்பெண். காசநோய் வந்தவர்களுக்கு வீடும் வேலையும் மரியாதையும் என்ன ஆகின்றன என்பது அவருடைய ஆய்வு. வீடு பறிபோகும் என்று பயப்படுகிறவர் நோயை மறைக்கிறார், மறைக்கிறவர் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறார். ஆகவே குடியிருக்கும் உரிமையும், நோயை வெளியே சொல்லாமலிருக்கும் உரிமையும் வைத்தியத்தில் சேர்ந்தவையே என்பது அவர் வாதம். போன ஆடியிலிருந்து அவரைத் தெருத்தெருவாக அழைத்துப் போனவன் நான். எந்த வீட்டுக்கு என்றைக்குப் போனோம் என்று கேட்டால் இன்றும் கிழமையோடு சொல்வேன்.

“ஒரு பெரிய வீடு. முன்கதவில் இரண்டு பூட்டுகள். இரண்டு பங்காளிக் குடும்பங்கள், ஆளுக்கொரு சாவி. பின்கட்டில் தங்கி அந்த வீட்டைக் காக்கும் தம்பதியில் கணவருக்குக் காசநோய்” என்றார்.

பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. வயதையும் மாற்றியிருந்தார். அந்தத் தம்பதி சம்மதித்ததே யாருக்கும் தெரியக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில்தான். அதை அவர் மறக்கவும் இல்லை. பூட்டுகளை மட்டும் விட மனமில்லை போலிருக்கிறது. கட்டடத்துக்கு இரண்டு பூட்டு, அதைக் காக்கிற ஆளுக்கு ஒரு காவலும் இல்லை என்று சொல்ல அது அவருக்குப் பொருத்தமான காட்சி. பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த ஊர்ப்பக்கத்தில் அது எந்த வீடாகவும் இருக்கலாம் என்று நினைத்துவிட்டார். ஆனால் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே கதவில் இரண்டு பூட்டுத் தொங்குவது பக்கத்துக் கோட்டையூரில் ஒரே வீட்டில்தான். டவுன் பஸ் கண்டக்டர்கூட அதைக் கைகாட்டுவார்.

அந்தச் சாவிகளில் ஒன்று என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆச்சியிடம் இருந்தது. ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசைக்கு வந்துவிடுகிறவர். விசிறிக்கொண்டிருந்த கை நின்றதைக் கவனித்தேன். மருந்தை ஒழுங்காக எடுத்தால் சில வாரங்களிலேயே நோய் பிறருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும் என்றும், அந்தக் கணவருக்கு இன்னும் இரண்டு மாத மருந்துதான் பாக்கி என்றும் மேடையில் சொன்னது ஆச்சி காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அது எங்கள் வீடுதானே என்று ஆச்சி கேட்டார். இந்தப் பக்கம் பூட்டிய வீடுகள் நிறைய இருக்கின்றனவே என்று இழுத்தேன்.

“அந்தப் பூட்டுக் கதைய ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறது நீங்கதானே. இப்ப மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீக” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிறன்று, அந்த வீட்டில் படைப்பு. முன்னோருக்குப் படையலிட்டுப் பங்காளிகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். வருடத்தில் அன்றைக்குத்தான் இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் வரும். கூட்டிப் பெருக்கி, கிணற்றில் நீர் இறைத்து, சமையலுக்குக் கூடமாட நிற்பதெல்லாம் காவல்காரரின் மனைவிதான். அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் கணவருக்கு மிச்சமிருக்கும் இரண்டு மாத மருந்து என்னாகும் என்பதுதான் என் மனத்தில் ஓடியது. வெள்ளைக்காரர் காலத்துக் கொள்ளைநோயைப் பற்றிப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். வீடு வீடாகச் சோதனை போட்டதும், ஆட்களைப் பிரித்துக் கொண்டுபோனதும், ஜனங்கள் நோயாளியைப் பரணில் ஒளித்துவைத்ததும் அவற்றில் உண்டு. படித்ததெல்லாம் அன்றைக்குப் பயத்தைத்தான் கூட்டியது.

ஆச்சி வீட்டை அடையாளம் கண்டுகொண்டதை ஆராய்ச்சியாளரிடம் சொன்னேன். மற்றவர் வாயிலாகப் போவதற்குள் காவல்காரரின் மனைவியிடம் நாமே சொல்லிவிட வேண்டும் என்றார் அவர். ஆட்டோ பிடித்துக் கோட்டையூர் போனோம். வழியெல்லாம் அவர் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பின்சந்துக் கதவைத் திறந்த அந்த அம்மா முழுவதையும் நின்றபடியே கேட்டார். ஆராய்ச்சியாளர் மன்னிப்புக் கேட்டார். பெயரைச் சொல்லவே இல்லை என்று நான் சமாதானம் சொன்னேன்.

“எம்பேரு யாருக்குண்ணே தெரியும்? இந்த ஊர்ல நான் பூட்டு வீட்டுக்காரி. பேரச் சொல்லியிருந்தீகன்னா ஒருத்தருக்கும் வெளங்கியிருக்காது.”

பிறகு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்து, கணவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, ஞாயிறு வரைக்கும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெரிந்தால் பயத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு மகள் ஊருக்குக் கிளம்பிவிடுவாராம்.

சனிக்கிழமை அந்த அம்மாவிடம் ஆச்சி ஆள் விட்டிருந்தார். இந்தத் தடவை சமையலுக்கு வெளியாட்கள் வருகிறார்கள், முன்பக்கம் வரவேண்டாம், பேசாமல் இருந்துகொள் என்று மட்டும் செய்தி. காலி செய்யச் சொல்வார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த அம்மா அன்றே துணிமணிகளை ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

படைப்பில் எனக்கு வேலையில்லை, அது பங்காளிகளுக்கானது. இருந்தும் ஞாயிறு முற்பகலில் பின்சந்துப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மா கிணற்றடியில் நின்றிருந்தார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்ததால் எப்போதும் திறந்தே கிடக்கும் அவர்கள் அறைச் சன்னல் அன்று இறுகச் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து, வாயில் துணியை வைத்து அடக்கிய இருமல் ஒன்று கேட்டது.

வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பந்தி நடந்துகொண்டிருந்தது. கதவுகள் எல்லாம் திறந்திருந்ததால் பேச்சு பின்கட்டு வரை வந்தது. மற்றொரு சாவிக்காரர், எதிர்த்தரப்புப் பெரியவர், படைப்பன்று மட்டும் ஆச்சியிடம் பேசுகிறவர், அந்தப் பொம்பளை எங்கே, கண்ணிலேயே காணோமே என்று கேட்டார்.

அந்த அம்மாவின் கை கிணற்றுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தது.

“அதுக்கு இடுப்புப் பிடிப்பு. நாந்தான் பேசாம இருக்கச் சொன்னேன். சித்திரை, வைகாசி வரைக்கும் எந்த வேலையும் குடுக்க வேணாம். நீங்க எலையப் பாருங்க, பாயசம் வருது” என்றது ஆச்சியின் குரல்.

சித்திரையோடு மருந்து முடிகிறது. மேடையில் சொன்னதை ஆச்சி முழுதாகத்தான் கேட்டிருக்கிறார். சற்று நேரத்தில் சமையல்காரர் ஒருவர் இரண்டு இலைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, கிட்டே வராமல், துவைகல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதுவும் ஆச்சி சொன்னபடிதான் இருக்கும்.

அந்த அம்மா அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“இடுப்புப் பிடிப்புன்னுட்டாக. வைகாசி வரைக்கும் நொண்டணுமேண்ணே.”

சிரிக்க முயன்றோம். மதியம் சாப்பாடு முடிந்து பெரியவர் கை கழுவக் கிணற்றடிக்கு வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவர் தலை தெரிவதற்கு முன்பே அந்த அம்மா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, உடம்பை ஒருபக்கம் சாய்த்து, சாத்திய சன்னலை மறைத்து நின்றுகொண்டார்.