ஒரு நாள் முந்தி அழுதவள்

ஒடாலிஸ் எந்தக் கதைக்கும் மற்றவர்களோடு சேர்ந்து அழுததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒரு நாள் முந்தியே அழுதுவிடுவாள், அதுவும் தன் வீட்டுச் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

பினார் தெல் ரியோ பக்கத்துச் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அவள் வாசகி. சுருட்டுகிறவர்கள் நூற்றுப் பத்துப் பேர், அவர்கள் சுருட்டச் சுருட்டச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறவள் அவள் ஒருத்தி. கூடத்தின் முன்னால் ஒரு மேடை, மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக். காலையில் பேப்பர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாவல். கை புகையிலையில் இருக்கும், காது அவளிடம் இருக்கும். வாசித்தது பிடித்துவிட்டால், இலை நறுக்கும் பிறைக்கத்தியால் பலகையில் தட்டுவார்கள். அதுதான் அங்கே கைதட்டல். பிரியமான பாத்திரம் செத்துப்போனால் மெதுவாக மூன்று தட்டு. பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். நூறு கத்தி ஒரே நேரத்தில் விழுகிற சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நாளைக்கு வாசிக்க வேண்டிய பக்கங்களை இன்றைக்கே வீட்டில் வாசித்துப் பழகிக்கொள்வது வாசகியின் வேலை. எந்த இடத்தில் மூச்சு வாங்கலாம், ராணிக்கு எந்தக் குரல், திருடனுக்கு எந்தக் குரல், எல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். புத்தகம் ஊரிலேயே ஒரு பிரதிதான், அதுவும் அவள் பையில். ஆக, கதையில் அடுத்து என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவள். இதைப் பெருமையாக நினைத்த வயதும் அவளுக்கு இருந்தது. ஆனால் சாப்பாட்டு மேசைக்கு அவள் தட்டோடு வந்தால் போதும், பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "வாயைத் தொறக்காதடி, எதையாவது கொட்டிடுவ!" விளையாட்டுத்தான். ஒரு விளையாட்டை இருபத்திரண்டு வருஷம் ஆடினால் அது விளையாட்டாகவா இருக்கும்? கதையைப் பற்றித்தான் அவளிடம் பேசக்கூடாது என்று ஆரம்பித்தது, போகப்போக எதைப் பற்றியும் பேசாமல் ஆகிவிட்டது.

வீட்டிலும் ஆள் கிடையாது. கணவன் ஹவானாவுக்கு வேலை தேடிப் போனவன், வேலையோடு ஒரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். ஒடாலிஸுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

எண்பத்தெட்டாம் வருஷம் மார்ச்சில் அடுத்த நாவலுக்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஒரு துப்பறியும் கதை நான்கு ஓட்டில் தோற்று, ஒரு பழைய மாயக்கதை ஜெயித்தது. எழுநூறு பக்கம். உப்பு ஏரி ஒன்றில் படகோட்டுகிற மெராலா என்பவள், ராஜாவிடமிருந்து திருடுபோன நிழலை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு ஏழு வாயில்களைக் கடந்து போகிறாள். கூடத் துணைக்கு வாயாடிக் கழுதை ஒன்று, கல்லால் ஆன ராட்சதன் ஒருத்தன். ராட்சதன் பெயர் ப்ரூகோ.

ஒடாலிஸுக்கு எரிச்சலாக வந்தது. இந்த வயதில் கழுதைக்கு நான் குரல் கொடுக்கணுமா என்று சமையல் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டே முதல் அத்தியாயத்தை வாசித்தாள். நிழலை எப்படிச் சாக்கில் கட்ட முடியும்? எழுதினவனுக்கு மூளை இருக்கிறதா? மூன்றாவது அத்தியாயத்தில் கொட்டாவி விட்டாள். ஆறாவதில் மெராலா தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறாள், அங்கே அவள் முகத்தோடு ராஜாவின் நிழலும் தெரிகிறது, அது இவளிடம் "பசிக்கிறது" என்கிறது. அவ்வளவுதான், அடுப்பில் இருந்த கறுப்பு பீன்ஸ் கருகி, புகை வந்து, இருமல் வந்த பிறகுதான் ஒடாலிஸ் தலையைத் தூக்கினாள். அன்றைக்குப் பட்டினி. ஆனால் கோபம் வரவில்லை.

கூடத்தில் வேறு மாதிரியான விமர்சனம் நடந்தது. "அந்த ராட்சதன் என்னத்தைத் திங்கிறான்? முந்நூறு பக்கம் போயாச்சு, ஒரு வாய் சோறு தின்னதா எழுதல" என்று ஒருத்தன் மெய்யாகவே கவலைப்பட்டான். மூட்டை தூக்கும் பருமனான ஆளுக்கு ப்ரூகோ என்றே பெயர் விழுந்தது, அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். ப்ரூகோ நட்சத்திரங்களை எண்ணுவான், பாதியில் கணக்குத் தப்பிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். அந்த இடம் வந்தால் நூற்றுப் பத்துக் கத்தியும் பலகையில் தட்டும்.

ஒடாலிஸ் மேடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் சிரிக்கிறபோது அவளுக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருக்கும். ஆனால் அவள் சிரிப்பு நேற்றே தீர்ந்துபோயிருக்கும்.

ரொட்டி வரிசையில்தான் தப்பு ஆரம்பித்தது. சாயங்காலம் ரேஷன் புத்தகத்தோடு நிற்கும்போது, முன்னால் எவெலியோ நின்றார். மூன்றாவது வரிசையில் சுருட்டுகிறவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாத மனிதர்.

"ஒடாலிஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "கோவிச்சுக்கிட்டுப் போச்சே அந்தக் கழுதை, திரும்பி வருமா?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது எவெலியோ, தெரியும்ல?"

"சொல்ல வேண்டாம்மா. வரும்னா தலையை மட்டும் ஆட்டுங்க. ராத்திரி தூக்கமே வரல."

அவள் தலையை ஆட்டினாள். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்ததும் அவளால் வாயை அடக்க முடியவில்லை. கழுதை எப்படி வருகிறது, வந்ததும் மெராலாவை என்ன திட்டு திட்டுகிறது, எல்லாவற்றையும் ரொட்டி கைக்கு வருவதற்குள் கொட்டிவிட்டாள்.

பிறகு தினமும். "என் வாய் பூட்டின வாய்ம்மா, பயப்படாதீங்க" என்பார் எவெலியோ. மூன்று வாரம் அந்த வாய் பூட்டித்தான் இருந்தது. அந்த மூன்று வாரமும் ஒடாலிஸ் கூந்தலை வாரி முடிந்துகொண்டு ரொட்டி வாங்கப் போனாள். நீங்கள் நினைக்கிற விஷயம் இல்லை, அதற்கு இரண்டு பேருக்குமே தெம்பு கிடையாது. வாசித்ததை வாசித்த அன்றைக்கே ஒரு மனிதரிடம் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். அவர் "அடப்பாவி!" என்று சொல்லும்போது அவளும் கூடச் சொல்ல முடிந்தது. அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

அப்புறம் ஆறாவது வாயில் வந்தது. வாயில் இடிந்து விழுகிறது, ப்ரூகோ தோள் கொடுத்துத் தாங்குகிறான், மெராலாவும் கழுதையும் உள்ளே ஓடுகிறார்கள். ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால் ராட்சதன் இல்லை, வெறும் கற்குவியல். ஒடாலிஸ் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதாள். கல்லுக்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. முகம் கழுவாமலே ரொட்டி வரிசைக்கு ஓடினாள்.

"எவெலியோ, ப்ரூகோ போயிட்டான்."

"எங்க போயிட்டான்?"

"போயிட்டான்னா போயிட்டான்தான்."

எவெலியோ தொப்பியைக் கழற்றினார். வரிசையில் நின்றவர்கள் ஊரில் யாரோ செத்துவிட்டதாக நினைத்து, பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். ஒடாலிஸ் அழாத குரலில், பழகின குரலில் வாசித்தாள். ப்ரூகோ தோள் கொடுக்கிறான். அவன் ஜெயித்துவிடுவான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் கதையும் அப்படித்தான் ஏமாற்றுகிறது. அவன் சாவதற்கு இன்னும் அரைப்பக்கம் இருக்கிறது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தட்டு. மெதுவாக இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டு.

எவெலியோவின் கைக்குத் துக்கம் தாங்கவில்லை, அது அவரைக் கேட்காமலே தட்டிவிட்டது.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் புரிந்தது. கத்திகள் தரையில் விழுந்தன.

"எவன்டா அவன்? இன்னும் சாகவே இல்லையே!" வாசிப்புக் குழுவின் தலைவி செனைடா எழுந்துவிட்டாள். அவள் வாய்க்கு மேனேஜரே பயப்படுவார். "எவெலியோ! உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊகம்தான்" என்றார் எவெலியோ, கண்ணை இலையிலிருந்து எடுக்காமல்.

"ஊகமா? போன வருஷம் கொலைகாரன் யாருன்னு கதை முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு என்கிட்டக் கேட்ட ஆளு நீ. நீ ஊகிச்சியா?"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. யாரோ "புத்தகத்தைத் திருடினியா?" என்று கத்தினார்கள். எவெலியோவின் காது சிவந்தது. வாசகி கதையை முன்னால் சொன்னாள் என்று தெரிந்தால் மேடை போய்விடும், வேறு ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஒடாலிஸுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த மனிதர் தனக்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள். மைக் திறந்திருந்ததால் கோடவுன் வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே கூட்டம் போட்டார்கள். "ஏன் சொன்ன?" என்று செனைடா கேட்டாள்.

"தாங்கல" என்றாள் ஒடாலிஸ். "அவன் செத்துட்டான், வீட்ல நான் மட்டும்தான் இருந்தேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

கை தூக்கச் சொன்னபோது, அவள் இருக்கட்டும் என்று அறுபத்து மூன்று கை, வேண்டாம் என்று நாற்பத்தாறு. எவெலியோ எதற்கும் தூக்கவில்லை. ஆனால் தண்டனை உண்டு. இனிமேல் புத்தகம் வீட்டுக்குப் போகாது. தொழிற்சாலை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவி செனைடாவின் இடுப்பில். ஒடாலிஸ் முன்கூட்டி வாசித்துப் பார்க்காமலே மேடையில் வாசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்கள் மிகவும் நீளமாக இருந்தன. எவெலியோ ரொட்டியைக் காலையிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டார், வழியில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒடாலிஸ் பீன்ஸ் கழுவினாள், தரையைத் துடைத்தாள், துடைத்த தரையை மறுபடியும் துடைத்தாள். ஒரு புத்தகம் இல்லாத வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. முன்பு தனியாக அழுதாலும், மறுநாள் அதே இடத்துக்குக் கூடமும் அழும் என்ற ஆறுதலாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வாசிப்பும் கெட்டுப்போனது. ராணியின் வசனத்தைக் கழுதைக் குரலில் வாசித்துவிட்டாள், கூடம் கொல்லென்று சிரித்தது. தப்பான இடத்தில் மூச்சு வாங்கினாள். "இருபத்திரண்டு வருஷம் வாசிச்சவளா இவ?" என்று ஒரு கிழவர் முணுமுணுத்தது மேடை வரை வந்தது. நாற்பத்தாறு கைகளும் யார் யாருடையவை என்று அவள் மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

கடைசி அத்தியாயம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நிழல் ராஜாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கழுதை தன் ஊருக்குப் போய்விட்டது. மெராலா தனியாகப் படகோட்டிக்கொண்டு ஏரிக்கரையில் இருக்கும் தன் குடிசைக்கு வருகிறாள், அடுப்பு மூட்டுகிறாள், மீன் சுடுகிறாள். ஒடாலிஸ் நிம்மதியாக வாசித்துக்கொண்டே போனாள். அடுத்த வரியில் மெராலா பழக்கத்தில் மூன்று சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கிறாள். பிறகு இரண்டைத் திரும்ப எடுத்து, கழுவாமலே கழுவின தட்டுகளோடு வைக்கிறாள்.

ஒடாலிஸின் குரல் நின்றுவிட்டது.

அவளுக்கு அந்தத் தட்டுகளைத் தெரியும், கணவன் போன பிறகு அவளும் அப்படி ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தவள்தான். நேற்றே வீட்டில் வாசித்திருந்தால் இன்றைக்கு ஒரு மாதிரி தாண்டியிருப்பாள். இப்போது எந்த வழியும் இல்லை, மேடையில், மைக்குக்கு முன்னால், நூற்றுப் பத்துப் பேர் பார்க்க, அவள் உதடு கோணிக்கொண்டது. அடுத்த வரியைப் பார்த்தாள், எழுத்து கலங்கியது. போயிற்று, இன்றோடு மேடை போயிற்று என்று நினைத்தாள்.

"என்னடி ஆச்சு?" என்று செனைடாவின் குரல் வந்தது. "படி."

"முடியல."

"அழுறியா?"

"ஆமா."

ஒடாலிஸ் தலையைத் தூக்கிப் பார்த்தாள். செனைடா புகையிலைக் கறை படிந்த புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ப்ரூகோ என்று பெயர் வாங்கினவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். எவெலியோ குனிந்திருந்தார், அவர் தோள் குலுங்கியது.

"நாங்களும்தான்டி" என்றாள் செனைடா. "மெதுவாப் படி. நாங்க எங்கயும் போகல."